பல் டாக்டர் கண்டுபிடித்த பஞ்சு மிட்டாயும் தாராவி சித்தப்பாவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செயின்ட் லூயிஸ் ஃபாரஸ்ட் பார்க்கில் மகளோடு நடந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு வயசு. பெரிய மனுஷி ஆகிவிட்டோம் என்று அவளுக்கு நினைப்பு. ஆனால் பஞ்சு மிட்டாய் வண்டியைப் பார்த்ததும் நினைப்பெல்லாம் பறந்துவிட்டது. "அப்பா, ஒண்ணே ஒண்ணு" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். நாக்கை நீட்டி கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். நீலம்!

அந்த நீல நாக்கைப் பார்த்ததும் எனக்கு தாராவி ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்கு நாக்கு ரோஸ் கலரில் இருக்கும். எங்கள் சித்தப்பாதான் அந்த ஏரியாவுக்கு பஞ்சு மிட்டாய் சப்ளை. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்த இடத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

டாக்டரே இப்படிச் செய்யலாமா?

பஞ்சு மிட்டாய் மெஷினைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். ஜோக் இல்லைங்க, நிஜம். டென்னஸி மாநிலம் நாஷ்வில்லில் வில்லியம் மாரிசன் என்ற பல் வைத்தியரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் கூட்டு சேர்ந்து 1897ல் அந்த மெஷினை உருவாக்கினார்கள். 1899 ஜனவரி 31ல் காப்புரிமை கிடைத்தது. ஒருவர் சர்க்கரை கொடுக்க, இன்னொருவர் பல்லைப் பிடுங்க, நல்ல பிசினஸ் மாடல் :-)

அதற்கு முன்னால் சர்க்கரையில் நூல் எடுக்கிற வித்தை இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் பணக்காரர் வீட்டு சமையல்காரர்கள் பாகு காய்ச்சி, முள்கரண்டியால் இழுத்து இழுத்து அலங்காரம் செய்வார்கள். ஒரு தட்டுக்கே மணிக்கணக்கில் ஆகும். அதை ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு நிமிஷத்தில் கிடைக்கிற சாமானாக மாற்றியதுதான் மெஷின் செய்த வேலை.

விஷயம் ரொம்ப எளிது. நடுவில் ஒரு சுழலும் கிண்ணம். அதில் சர்க்கரையைக் கொட்டி அடியில் சூடு கொடுத்தால் உருகும். கிண்ணம் வேகமாகச் சுற்றும்போது உருகிய பாகு ஓரத்தில் இருக்கிற பொடிப்பொடி ஓட்டைகள் வழியே வெளியே தெறிக்கும். வெளிக்காற்று பட்டதும் திரும்பக் கட்டியாகிவிடும். ஆனால் மறுபடி கற்கண்டு மாதிரி படிகமாக அதற்கு நேரம் கிடையாது. அதனால் கண்ணாடி இழை மாதிரி நூலாக நிற்கும். கையில் இருப்பது ஒரு பெரிய பந்து. உள்ளே இருப்பது ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரை, மிச்சமெல்லாம் காற்று. காற்றை விற்றுக் காசு பார்க்கிற தொழில் என்று சித்தப்பா சொல்வார்.

1904ல் செயின்ட் லூயிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. ஏப்ரல் 30ல் தொடங்கி டிசம்பர் 1 வரைக்கும். நடந்த இடம் இதே ஃபாரஸ்ட் பார்க்தான். இன்றைக்கும் பார்க்கில் இருக்கிற ஆர்ட் மியூசியம் அந்தக் கண்காட்சிக்குக் கட்டின கட்டடம். மிருகக்காட்சிச் சாலையில் இருக்கிற பெரிய பறவைக் கூண்டும் அப்போது வந்ததுதான். அங்கேதான் மாரிசனும் வார்ட்டனும் தங்கள் மிட்டாயை 'ஃபேரி ஃபிளாஸ்' என்று பெயர் வைத்து விற்றார்கள். பெட்டி 25 சென்ட். கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணமே 50 சென்ட்தான். பாதி டிக்கெட் விலையில் ஒரு பெட்டி காற்று! இருந்தும் 68,655 பெட்டி விற்றது. கணக்குப் போட்டால் 17,163 டாலர் 75 சென்ட். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

'காட்டன் கேண்டி' என்ற பெயர் பிற்பாடு வந்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் ஃபேரி ஃபிளாஸ்தான். இங்கிலாந்தில் கேண்டி ஃபிளாஸ். நம் பம்பாயில் 'புட்டி கே பால்', அதாவது கிழவியின் முடி. தமிழில்தான் பஞ்சு மிட்டாய் என்று அழகாகப் பெயர் வைத்தோம்.

தாராவிக்கு வந்த மெஷின்

சித்தப்பா பதினெட்டு வயசில், 1966ல், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி தாதரில் வந்து இறங்கினார். தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு ரெண்டு மூணு தலைமுறைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் நிறையப் பேர். கோலிவாடாவில் மீனவர்கள், கும்பார்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர்கள், அப்புறம் நம் ஆட்கள். தாராவியில் நம்மவர்கள் கும்பிடுகிற கணபதி கோயில் 1913ல் கட்டியது. அவ்வளவு பழைய குடியிருப்பு.

சித்தப்பா வந்த வருஷம்தான் ஜூன் 19ல் சிவசேனா ஆரம்பித்தது. "மதராசிகள் வேலையைப் பிடுங்குகிறார்கள்" என்பதுதான் அப்போது அவர்கள் எழுப்பிய கோஷம். தென்னிந்திய ஹோட்டல்கள் தாக்கப்பட்டது எல்லாம் அந்த வருஷங்களில்தான். அதனால் சித்தப்பா முதலில் கற்றுக்கொண்டது தொழில் இல்லை, மராத்தி. "வாய்ல மராத்தி இருந்தா கைல இட்லி இருந்தாலும் விட்டுருவான்ல" என்பார்.

பதினோரு வருஷம் தோல் கிடங்கில் சுமை தூக்கினார். அந்த உப்பும் நாற்றமும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1977ல் மாஹிம் உரூஸ் மேளாவில் ஒரு உத்திரப்பிரதேசத்துக்காரர் பஞ்சு மிட்டாய் சுற்றுவதைப் பார்த்தார். மக்தூம் ஷா தர்கா உரூஸ் டிசம்பரில் பத்து நாள் நடக்கும். ராட்டினம், வளையல், பலகாரம் என்று கடற்கரை வரைக்கும் கடைகள். சித்தப்பா பத்து நாளும் போய் அந்த ஆள் பக்கத்தில் நின்றாராம். அஞ்சாவது நாள் அந்த பையா, "சும்மா நிக்கிறதுக்கு பெடலை மிதி" என்று சொல்லிவிட்டார். அதுதான் ட்ரெயினிங்.

மெஷின் கடையில் வாங்கவில்லை. தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தகரம் எடுப்பார்கள். அங்கே தகரம். சோர் பஜாரில் பேரிங். பழைய சைக்கிளின் செயினும் பெடலும். கீழே மண்ணெண்ணெய் பர்னர். சுழலும் கிண்ணத்தில் ஓட்டை போடுவதுதான் கஷ்டமாம். ஓட்டை பெரிதானால் பஞ்சு வராது, சர்க்கரை மணி மணியாகத் தெறித்து ஆள் மேல் சுடும். மூன்று கிண்ணம் வீணாகி நாலாவதில்தான் நூல் வந்தது. கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய கடனும் சித்தியின் ஒரு ஜோடி கம்மலும்தான் முதலீடு.

அவர் சொன்ன கணக்கு இது. ஒரு கிலோ சர்க்கரையில் அறுபது பந்து. ஒன்று நாலணா. ஆக பதினைந்து ரூபாய். செலவு சர்க்கரை, மண்ணெண்ணெய், குச்சி, கலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் சர்க்கரைக்கு ரெண்டு விலை. ஆலைகளிடமிருந்து அரசாங்கம் ஒரு பங்கை லெவியாக எடுத்து ரேஷனில் மலிவாகக் கொடுக்கும். மிச்சம் வெளிச்சந்தையில் அதிக விலைக்குப் போகும். 1967-68ல் தொடங்கிய ஏற்பாடு, நடுவில் சில தடவை விட்டுவிட்டுத் தொடர்ந்து, லெவி முற்றிலுமாக நீங்கியது 2013ல்தான். மண்ணெண்ணெயும் ரேஷன். அதனால் சந்தில் யார் வீட்டில் சர்க்கரை வாங்காமல் கார்டு சும்மா கிடக்கிறது என்பதுதான் சித்தப்பாவின் மூலப்பொருள் நிர்வாகம். நாங்கள் வீட்டில் வெல்லக் காப்பி குடித்து வளர்ந்ததன் ரகசியம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது :-)

மழை என்ற எதிரி

பஞ்சு மிட்டாய்க்கு ஒரே எதிரி ஈரம். சர்க்கரை நூல் காற்றிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினதும் சுருங்கி, பிசுபிசுத்து, கடைசியில் ரோஸ் கலர் கோந்து மாதிரி ஆகிவிடும். பம்பாயிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். வருஷத்து மழை கிட்டத்தட்ட முழுசும் அந்த நாலு மாசத்தில்தான். ஆக, வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு தொழில் படுத்துவிடும். அந்த மாதங்களில் சித்தப்பா மறுபடி தோல் கிடங்குக்குப் போவார். எனக்குத் தெரிந்து அவர் முகம் கடுகடு என்று இருந்த மாதங்கள் அவைதான்.

கொடுமை என்னவென்றால் கணபதி பண்டிகை மழைக்காலத்தின் வாலில் வரும். பாந்த்ரா மேரி மாதா திருவிழாவும் செப்டம்பரில்தான். கூட்டம் இருக்கும் நேரத்தில் மிட்டாய் நிற்காது. சுற்றி அடுக்கி வைக்க முடியாது. கேட்கக் கேட்கச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். பிற்பாடு பிளாஸ்டிக் பைகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. பையில் காற்றோடு அடைத்து வாயைக் கட்டினால் தாங்கும். ஆனால் அதே பை சித்தப்பாவுக்கு வினையாகவும் வந்தது. மெஷின் இல்லாதவனும் யாரிடமோ இருபது பை வாங்கி, கம்பில் கட்டி, மணி ஆட்டிக்கொண்டு விற்கக் கிளம்பிவிட்டான்.

நான் அவரோடு போன முதல் பயணம் ஞாபகம் இருக்கிறது. 1981 தீபாவளி லீவு. எனக்கு ஆறு வயசு. தாராவியிலிருந்து சயான் பக்கமாக ரயில் பாதையைத் தாண்டி, மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ். எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்! அகலமான தெரு, மரம், பால்கனி வைத்த வீடுகள். 1896ல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் செத்துப்போன பிறகு, நெரிசலைக் குறைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டம் போட்டுக் கட்டிய பகுதி. அங்கேயும் தமிழ். கோலம், பூக்கடை, ஃபில்டர் காப்பி வாசனை. ஒரு மாமி பால்கனியிலிருந்து, "எத்தனைடாப்பா ஒண்ணு?" என்று கேட்டார். சித்தப்பா, "நாலணாங்கம்மா" என்றார். கூடையைக் கயிற்றில் இறக்கினார். காசு வந்தது, மிட்டாய் போனது. ரெண்டு தரப்பும் பேசியது தமிழ்தான். நடுவில் ஒரு ரயில் பாதைதான். ஆனால் அந்த மாடிக்கு நாங்கள் ஒரு நாளும் ஏறியதில்லை. இறங்கி வந்தது கூடை மட்டும்தான்.

சித்தப்பாவின் நல்ல வியாபாரம் பரேல், லால்பாக் மில் சால்களில்தான் இருந்தது. மில்லில் சம்பளம் போடுகிற நாளில் அங்கே போனால் ரெண்டு மணி நேரத்தில் மூணு கிலோ காலி. 1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் மில் ஸ்டிரைக் தொடங்கியது. ரெண்டரை லட்சம் தொழிலாளிகள். அதற்கு முடிவு என்று ஒன்று வரவே இல்லை, மில்கள்தான் ஒவ்வொன்றாக மூடின. ஆரம்ப வாரங்களில் பிள்ளைகள் காசு எடுத்து வந்தார்கள். அப்புறம் ரெண்டு பிள்ளைக்கு ஒரு பந்து என்றார்கள். அப்புறம் மணிச்சத்தம் கேட்டதும் அம்மாக்கள் கதவைச் சாத்தினார்கள். "கதவு சாத்துற சத்தம் கேட்ட அன்னைக்கு அந்தப் பக்கம் போறத விட்டுட்டேன்" என்றார் சித்தப்பா. ஸ்டிரைக் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். எனக்கு அது புரிந்தது இந்த ஒரு வரியில்தான்.

2024 பிப்ரவரி

இனி இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி இருப்பதாகக் கண்டுபிடித்துத் தடை போட்டார்கள். பின்னாலேயே தமிழ்நாட்டிலும் பரிசோதனை செய்து, பிப்ரவரி 17ல் தடை அறிவித்தார்கள். மார்ச்சில் கர்நாடகா, பஞ்சு மிட்டாயோடு கோபி மஞ்சூரியனையும் சேர்த்துக்கொண்டு, செயற்கை நிறங்களுக்குத் தடை போட்டது. ரோடமைன்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். பளிச்சென்ற ரோஸ். விலை மலிவு, ஒரு சிட்டிகை போதும். சாப்பாட்டில் போட அனுமதியே கிடையாது. தொடர்ந்து வயிற்றுக்குள் போனால் கல்லீரலுக்குக் கேடு, புற்றுநோய் அபாயமும் உண்டு என்று எச்சரிக்கிறார்கள்.

செய்தியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் தின்ற ரோஸ் எந்த ரோஸ்?

உடனே போன் போடவில்லை. ரெண்டு வாரம் தள்ளிப்போட்டேன். சித்தப்பா இப்போது செம்பூரில் மகனோடு இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை கேட்டேவிட்டேன்.

"சித்தப்பா, அப்ப நீங்க போட்ட கலர் எங்க வாங்குனீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"நானும் டிவில பாத்தேன்ல. நீ கேப்பன்னு தெரியும்."

சந்து முனையில் ஒரு கலர்க் கடை. தோலுக்கும் துணிக்கும் சாயம் விற்கிற கடை. மிட்டாய்க்காரர்களும் அங்கேதான் வாங்குவார்கள். பொட்டலத்தில் பெயர் கிடையாது. "மிட்டாய் கலர்னு கேட்டா ஒரு டப்பாலேர்ந்து அள்ளிக் கொடுப்பான். எந்த டப்பான்னு நான் பாத்தேனா? எனக்கு இங்கிலீசு எழுத்தும் தெரியாது, இந்தி எழுத்தும் தெரியாது."

1954லேயே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகளில் எந்தெந்த நிறம் போடலாம் என்று பட்டியலும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் தாராவி சந்து முனைக்கு எந்த மொழியில் வந்தது? கலரைக் காய்ச்சிய கம்பெனிக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து விற்றவனுக்கும் தெரிந்திருக்கலாம். பெடல் மிதித்தவனுக்குத் தெரியாது. தின்ற பிள்ளைக்கும் தெரியாது.

இதைச் சொல்லி சித்தப்பாவைக் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கலர் போடாம வெள்ளையாவே சுத்திருக்கலாம்ல. ஒரு வாரம் சுத்திப் பாத்தேன். ஒருத்தன் வாங்கல. பிள்ளைக ரோஸுதான் வேணும்னு அழுவுது. திரும்ப கலரப் போட்டேன். நீயும்தான தின்ன. எம் பிள்ளையும்தான் தின்னான். தெரிஞ்சிருந்தா என் பிள்ளைக்குக் கொடுத்திருப்பேனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவேளை அது நல்ல கலராகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பொட்டலத்தை இப்போது எந்த லேபுக்கு அனுப்ப?

அனுமதி உள்ளது என்றால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. எரித்ரோசின் என்ற சிவப்பு இந்தியப் பட்டியலில் இருக்கிற நிறம். இங்கே அதற்கு ரெட் நம்பர் 3 என்று பெயர். பல பத்தாண்டுகள் மிட்டாய்களில் போட்டுவிட்டு, 2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அந்த அனுமதியை ரத்து செய்தது. படித்த நாட்டிலும் பிள்ளைகள் அழகான கலரைத்தான் கேட்கிறார்கள்.

போனை வைப்பதற்கு முன்னால் சித்தப்பா இன்னொன்று சொன்னார். டிவி செய்தியில் மெரினாவில் பஞ்சு மிட்டாய் விற்றவர்களைப் பிடித்து விசாரிப்பதைக் காட்டினார்களாம். அதில் நிறையப் பேர் வடக்கத்திப் பையன்கள். "வடக்கன் வந்து விஷத்த விக்கான்னு பக்கத்து வீட்டுக்காரன் சொல்லுதான். பம்பாய்ல நம்மளையும் இப்படித்தான சொன்னான். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவன் ஒரு பையா. கலர் டப்பாவப் பிடுங்கு. நல்ல கலர் இதுன்னு கைல கொடு. அவன் வண்டிய ஏன் பிடுங்கணும்?"

தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விஷம் விஷம்தான். பிள்ளை வாயில் போகிற சாமான். ஆனால் கம்பில் இருபது பை கட்டி மணி ஆட்டுகிறவனைப் பிடிப்பது சுலபம். சாயத்தைச் சில்லறையாகப் பிரித்து, பெயரில்லாத பொட்டலத்தில் போட்டு விற்கிற கடை வரைக்கும் போவதுதான் கஷ்டமான வேலை. அதைச் செய்யாவிட்டால் அடுத்த வருஷம் இன்னொரு பையன், இன்னொரு மிட்டாய்.

சித்தப்பா 1991ல் தொழிலை விட்டார். முட்டி போய்விட்டது. அதற்குள் என்னை மாட்டுங்காவில் இன்ஜினியரிங் சேர்க்க முதல் வருஷ ஃபீஸ் அவர்தான் கட்டினார். அறுபது பந்துக்குப் பதினைந்து ரூபாய் என்று சேர்த்த காசு. அந்தக் காசில்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன். மாரிசன் 68,655 பெட்டி விற்ற அதே பார்க்கில் என் மகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறேன்.

இந்த டிசம்பரில் இங்கே தமிழ்ச் சங்க விழாவில் பிள்ளைகளுக்கு பஞ்சு மிட்டாய் ஸ்டால் போடலாம் என்று இருக்கிறோம். மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, கரண்டில் ஓடும், பெடல் மிதிக்க வேண்டாம். மகள்தான் இன்சார்ஜ். வெறும் சர்க்கரை, கலர் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். "வெள்ளையா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்கப்பா" என்கிறாள். சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். வண்டி தள்ளியோ, இட்லி விற்றோ, பெடல் மிதித்தோ உங்களைக் கரை சேர்த்திருப்பார். இந்த வாரக் கடைசியில் ஒரு போன் போட்டு அந்தக் கதையைக் கேட்டு வையுங்கள். நான் ரெண்டு வாரம் தள்ளிப்போட்ட மாதிரி தள்ளிப்போடாதீர்கள்.